பழைய பிரேவியரி: தவக்காலம் வந்தாலே எனக்குக் கோபம் வருகிறது

நாள்தோறும் குறித்த வேளைகளில் சொல்லும் செபங்களின் நூலான பழைய உரோமைப் பிரேவியரியை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். 1960 விதிமுறைப்படி அச்சான பதிப்பைப் பல ஆண்டுகளாகச் செபித்து வருகிறேன். திருப்பாடல் பங்கீடும் இலத்தீனும் அவர் அறிந்தவையே. மாட்டின்ஸ் என்ற இரவுச் செபத்தில் வரும் விவிலிய வாசகங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

திருநீற்றுப் புதனுக்கு முந்திய மூன்றாவது ஞாயிறன்று தொடக்கநூல் ஆரம்பமாகிறது. அடுத்த வாரம் நோவா, அதற்கடுத்த ஞாயிறு ஆபிரகாம். செவ்வாயன்று அவர் லோத்தை மீட்டு, மெல்கிசெதேக்கிடம் ஆசியும் பெற்றுவிடுகிறார். புதனன்று தவக்காலம் தொடங்கியதும் கதை அப்படியே அறுந்துபோகிறது. தவக்கால வார நாள்களில் அன்றைய திருப்பலி நற்செய்திக்கான மறையுரைதான் வாசகம். பிறகு தவக்கால இரண்டாம் ஞாயிறன்று திறந்தால், ஈசாக்கு பார்வை மங்கிய கிழவராகப் படுத்திருக்கிறார்! அவர் பிறந்ததையே நாம் வாசிக்கவில்லை. மூன்றாம் ஞாயிறு யோசேப்பு. நான்காம் ஞாயிறு எரியும் முட்செடி முன் மோசே. செங்கடலைக் கடப்பதற்குள் எரேமியா வந்துவிடுகிறார்.

அந்த மறையுரைகளைக் குறை சொல்ல மாட்டேன். அகுஸ்தீனாரை வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் விடுதலைப் பயணத்தை வாசிக்கத் தவக்காலத்தைவிடப் பொருத்தமான காலம் எது? இந்தப் பிரேவியரிக்குப் பதிலாக 1971-இல் வந்த புதிய முறையில் திருநீற்றுப் புதனுக்கு மறுநாளே அந்நூல் தொடங்கிவிடுகிறது.

இன்னொன்று: விழாவினால் தவறிய வாசகம் தவறியதுதான், நூலின் தொடக்கமே ஆனாலும் சரி என்கிறது 1960 விதி. பாஸ்கா (உயிர்ப்புப் பெருவிழா) சீக்கிரம் வரும் ஆண்டில், தொடக்கநூலுக்கு முன் வாசிக்கும் பவுலின் கடிதங்கள் பாதியிலேயே நின்றுவிடும்.

மற்றபடி இந்த அட்டவணையை நான் மனதார நேசிக்கிறேன். திருவருகைக் காலத்தில் எசாயா, பாஸ்காவுக்குப் பின் திருத்தூதர் பணிகளும் திருவெளிப்பாடும், ஆகஸ்டில் ஞான நூல்கள், அக்டோபரில் மக்கபேயர் என்று ஆண்டுக்கே ஒரு முகம் வந்துவிடுகிறது. செப்டம்பர் தொடக்கத்தில் வரும் யோபுவுக்காகவே காத்திருப்பேன். வாசகம் முடிந்ததும் பல வேளைகளில் அதே நூலின் சொற்களால் ஆன பதிலுரை வரும். ஒரு வசனம் நாள் முழுவதும் நாவில் நிற்கும்.

இருந்தும், விவிலியத்தைத் தொடர்ச்சியாக வாசிப்பதுதான் நோக்கம் என்றால் வாங்காதீர்கள் என்றே நண்பருக்கு எழுதப்போகிறேன். இது தவக்காலத்தின் மூன்றாம் வாரம். ஆகஸ்டில் கேட்டிருந்தால் உடனே வாங்குங்கள் என்றிருப்பேன்.