வெயிலில் கறுக்கும் கண்ணாடி: நம் வேலைக்கு ஒத்துவருமா?

கண்ணாடிக் கடையில் போட்டோகுரோமிக் லென்ஸுக்கு, அதாவது வெயிலில் கறுத்து உள்ளே வந்ததும் தெளியும் லென்ஸுக்கு, தள்ளுபடி போட்டிருக்கிறார்களாம். "நீங்க அதத்தானே போட்டிருக்கீங்க, நானும் எடுக்கலாமா அக்கா?" என்று கூட வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி கேட்டாள். வாட்ஸ்அப்பில் எழுத ஆரம்பித்த பதில் நீண்டுவிட்டது. மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே போடுகிறேன்.

நான் சிங்கப்பூரில் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் தாதி. நடமாட முடியாத முதியவர்களுக்குப் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போடுவது, டியூப் மாற்றுவது, மருந்தைச் சரிபார்ப்பது என்று நாள் முழுக்க ஒரு அடுக்குமாடி புளோக்கிலிருந்து இன்னொரு புளோக்குக்கு ஓட்டம். நடுவே பேருந்து, எம்ஆர்டி ரயில், மறுபடி வெயில். பவர் மைனஸ் ஐந்துக்கு மேல். கண்ணாடியைக் கழற்றினால் எதிர்ப் புளோக்கின் எண் தெரியாது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இங்கே நண்பகலில் புற ஊதாக் குறியீடு (வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரின் கடுமையைக் காட்டும் எண்) 11ஐ, அதாவது மிகக் கடுமையான அளவை, தொடும் நாள்கள் உண்டு. சிமென்டுத் தரையிலிருந்து எழும்பும் அந்த வெளிச்சத்தில் மத்தியானத்துக்குள் எனக்கு நெற்றிப்பொட்டு தெறிக்க ஆரம்பித்துவிடும். இந்த லென்ஸ் போட்ட பிறகு அந்தத் தலைவலி போயே போய்விட்டது. கறுத்திருந்தாலும் தெளிந்திருந்தாலும் புற ஊதாக் கதிரை அது தடுத்துக்கொண்டேதான் இருக்கிறது. பவர் கண்ணாடி ஒன்று, பவர் கூலிங் கிளாஸ் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட வேண்டியதில்லை. இரண்டு கையிலும் பையோடு போகிறவளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

என் கோபமெல்லாம் கதவு திறக்கும் அந்த முதல் சில நிமிடங்கள் மேல்தான்.

வேலையில் முகக்கவசம் போட்டிருப்போம். அப்படியென்றால் நோயாளிக்கு நம் முகத்தில் தெரிவது கண் மட்டும்தான். வெயிலிலிருந்து நேராக வீட்டுக்குள் நுழைந்தால் அந்தக் கண்ணும் கறுப்புக்குள் மறைந்துவிடுகிறது. மறதி நோய் உள்ள ஒரு பாட்டி ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்து மிரள்கிறார். "யாரு நீ? மூஞ்சியக் காட்டு" என்று கையைத் தட்டிவிடுகிறார். நான் பேசப் பேச லென்ஸ் மெல்ல வெளுக்கிறது, அவரும் மெல்ல அடங்குகிறார். அதற்குள் அவர் பட்ட பயம் பட்டதுதானே? காது மந்தமான ஒரு தாத்தாவும் இப்படித்தான். கண்ணைப் பார்த்துப் பேசினால்தான் அவருக்கு நம்பிக்கை வரும்.

கறுப்பது ஒரு நிமிடத்துக்குள் நடக்கிறது, தெளிய மட்டும் ஏன் இவ்வளவு நேரம் என்று கண் பரிசோதகரிடம் விடாமல் கேட்டேன். 1960களில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் கொண்டுவந்த முதல் வகையில், கண்ணாடிக்குள் வெள்ளி உப்பின் நுண்படிகங்கள் இருந்தன. இன்று நாம் வாங்குவது பெரும்பாலும் பிளாஸ்டிக் லென்ஸ். அதில் இருப்பவை கார்பன் சார்ந்த சாய மூலக்கூறுகள். புற ஊதாக் கதிர் பட்டால் மூலக்கூறில் ஒரு பிணைப்பு விடுபட்டு, அது தட்டையாக விரிந்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்ச ஆரம்பிக்கிறது. அதுதான் கறுப்பு. அது பழையபடி மடங்குவது பெரும்பாலும் சூட்டினால். குளிர்ந்தால் அந்த வேலை மந்தமாகிவிடும்.

இதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நம் ஊர் வெயிலில் ஒருபக்கம் கதிர் கறுக்க வைக்கும்போதே, மறுபக்கம் 32 டிகிரி சூடு அதைத் தெளிய வைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் விளம்பரப் படத்தில் உள்ள அளவுக்கு இங்கே கறுக்காது. குளிர் நாட்டில் இருக்கும் என் அண்ணனுக்கு இதே மாதிரி லென்ஸ் கன்னங்கரேல் என்று ஆகிறதாம். அப்புறம், நாம் உள்ளே நுழைவதோ ஏசி அறைக்கு. அங்கே குளிரில் தெளிவது இன்னும் மெதுவாகிறது. ஆக, கறுக்க வேண்டிய இடத்தில் சூடு, தெளிய வேண்டிய இடத்தில் குளிர். சிங்கப்பூருக்கு இதைவிடப் பொருந்தாத ஏற்பாடு இருக்க முடியாது! கடையில் ஏசிக்குள் வைத்து, புற ஊதா விளக்கைக் காட்டிக் கறுக்க வைப்பதைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம்.

இப்போதெல்லாம் மின்தூக்கி வாசலில், வானம் தெரியாத மூலையாகப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறேன். ஏசி இல்லாததால் அங்கே சீக்கிரம் தெளிகிறது. ஆனால் அடுத்த வீட்டுக்குத் தாமதமாகிறது.

மேகம் மூடிய நாளிலும் புற ஊதாக் கதிர் வருவதால், வேண்டாத நேரத்திலும் கொஞ்சம் கறுக்கும். காருக்குள் நேர்மாறு: முன்கண்ணாடி கதிரைத் தடுத்துவிடுவதால், சாயங்காலம் மேற்கே பார்த்து ஓட்டும் என் கணவருக்கு இது உதவவே உதவாது. சாதாரண வெளிச்சத்துக்கும் கறுக்கும் வகை இருக்கிறது. அது வீட்டுக்குள்ளேயே லேசாக நிறம் காட்டும் என்பதால் எனக்கு இன்னும் மோசம். வருடங்கள் போகப் போகச் சாயம் களைத்து, தெளிந்த நிலையிலும் ஒரு மஞ்சள் நிழல் தங்குகிறது. என்னுடையதில் அது வந்துவிட்டது.

தலைவலியைப் போக்கியதற்கு நான் நன்றியோடுதான் இருக்கிறேன். அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் யார் கேட்டாலும் தாராளமாக வாங்கச் சொல்வேன். ஆனால் உனக்கு என் பதில், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம் தங்கச்சி. இன்று காலையும் அந்தப் பாட்டி அழுதார், அந்த வேகத்தில்தான் இதை எழுதுகிறேன். இருந்தாலும் என் முடிவு இதுதான். நிறமே இல்லாத லென்ஸிலும் யூவி 400 என்கிற புற ஊதாக் கதிர்த் தடுப்பு கிடைக்கிறது. அதையே கேள். வெயிலுக்கு, கண்ணாடி மேலே மாட்டிக்கொள்ளும் கறுப்புக் கிளிப் ஒன்று வாங்கிக்கொள். கதவைத் தட்டும் முன் ஒரு கையால் எடுத்துவிட முடிகிற மாதிரி காந்தம் வைத்ததாகப் பார். நான் அப்படித்தான் ஆர்டர் கொடுத்திருக்கிறேன், அடுத்த வாரம் வருகிறது.