பசங்களுக்கு புது தமிழ் புக் எடுக்க: அவார்டு லிஸ்டா, இருமொழி புக்கா, லெவல் போட்ட புக்கா?

எங்க அபார்ட்மென்ட்ல பசங்களுக்குன்னு ஒரு சின்ன லைப்ரரி வச்சப்ப தமிழ் புக்ஸ் செலக்ட் பண்ற வேலை என் தலையில விழுந்துச்சு. எல்லாம் இங்கிலீஷ் மீடியம் பசங்க, வீட்ல தமிழ்தான் பேசுவாங்க, ஸ்கூல்ல தமிழ் ஒரு சப்ஜெக்ட், அவ்ளோதான். இப்ப "என் பொண்ணுக்கு என்ன புக் வாங்கலாம்"னு ஆளாளுக்கு கேக்குறாங்க, அதான் எழுதிடறேன். நான் லெவல் போட்ட புக்ஸ் கட்சி, அதாவது புள்ளையோட வாசிப்புத் திறனுக்கு ஏத்த மாதிரி ஒண்ணு, ரெண்டுன்னு படி போட்டு வர்ற புக்ஸ், அத மனசுல வச்சுக்கிட்டே படிங்க.

படம், பேப்பர், விலை பத்தி சொல்ல பெருசா ஒண்ணுமில்ல, இப்ப வர்றதுல முக்காவாசி பாக்க நல்லாத்தான் இருக்கு. ஜனவரில சென்னை புக் ஃபேர் போனா பத்து பர்சன்ட் கழிவு எல்லா ஸ்டால்லயும் ஒண்ணுதான்.

அவார்டு லிஸ்ட்டுன்னா முக்கியமா சாகித்ய அகாடமி சிறுவர் இலக்கியத்துக்கு குடுக்குற பால சாகித்ய புரஸ்கார். 2010ல ஆரம்பிச்சது, தமிழுக்குன்னு வருஷத்துக்கு ஒண்ணு. 2023ல உதயசங்கர், 2024ல யூமா வாசுகி, 2025ல விஷ்ணுபுரம் சரவணன்னு பேரப் பாத்தாலே கண்ண மூடிட்டு வாங்கலாம்னு தோணும், எழுத்துல கொறை சொல்ல முடியாது. ஆனா அது பெரியவங்க பெரியவங்களுக்கு குடுக்குற விருது, எந்தப் புள்ள இத தானா படிக்கும்னு அதுல தெரியாது. 2020ல வாங்குன யெஸ். பாலபாரதியோட 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' பாலியல் சீண்டல் பத்தி பசங்ககிட்ட பேசுற புக், ரொம்ப அவசியமானது, ஆனா விருது வாங்குனதுன்னு ஒண்ணாங்கிளாஸ் புள்ள கையில குடுத்துட்டு சமையல் பண்ணப் போற புக் இல்ல, மொதல்ல நீங்க படிக்கணும்.

இருமொழி புக்ஸ்னா நம்ம சென்னை தூலிகா பதிப்பகம்தான், 1996ல இருந்து போடறாங்க. ஒரே பக்கத்துல இங்கிலீஷும் தமிழும் இருக்கும். மடியில உக்கார வச்சு படிச்சுக் காட்டற வயசுக்கு இத அடிச்சுக்க ஆளில்ல, தமிழ் தடுமாறுற அப்பா அம்மாவுக்கும் வசதி. தானா படிக்க ஆரம்பிச்ச பசங்ககிட்டதான் சிக்கல், கண்ணு நேரா இங்கிலீஷ் வரிக்குப் போயிடுது, கதையும் முடிஞ்சிடுது, தமிழ் அங்க சும்மா அலங்காரத்துக்கு நிக்குது.

இப்ப லெவல் கதை. எனக்கு முடிவு பண்ண வச்சது ஒரே விஷயம்தான், புள்ள யாரையும் கேக்காம கடைசி பக்கம் வரைக்கும் போகுதான்னு. கதை எவ்ளோ நல்லதா இருந்தாலும் மூணாவது பக்கத்துல மூடி வச்சா அது அலமாரிக்குத்தான். தமிழ்ல இது இங்கிலீஷவிட பெரிய பிரச்சனை, ஏன்னா வாயில "போயிட்டிருந்தப்போ"ன்னு சொல்ற புள்ளைக்கு பக்கத்துல "சென்றுகொண்டிருந்தபோது"ன்னு ஒரே மூச்சுல ரயில் மாதிரி வந்து நிக்கும். அர்த்தம் தெரியாம இல்ல, வாசிச்சு முடிக்கறதுக்குள்ள வாக்கியத்தோட ஆரம்பம் மறந்துடுது. அவார்டு லிஸ்ட் இத கணக்குல எடுக்கறதே இல்ல, லெவல் போடறவங்களாவது எடுக்க முயற்சி பண்றாங்க.

பிரதம் புக்ஸ்ங்கற பதிப்பகம் நாலு லெவல் வச்சிருக்காங்க, மொதல் லெவல் சின்ன சின்ன வார்த்தை, திரும்பத் திரும்ப வர்ற வரி, போகப் போக நீளம். இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது, 2015ல ஆரம்பிச்ச அவங்க ஸ்டோரிவீவர் வெப்சைட்ல கதைங்கள ஃப்ரீயாவே படிக்கலாம், டவுன்லோடும் பண்ணலாம், அதனால மொபைல்ல ஒரு பக்கம் காட்டி சத்தமா படிக்கச் சொல்லிப் பாத்துட்டு, ஓடுதுன்னா அப்புறம் அச்சு புக் வாங்கலாம். மத்த ரெண்டு வழியிலயும் இந்த வசதி எனக்கு கிடைக்கல. ஒரு எச்சரிக்கை, அங்க யார் வேணா மொழிபெயர்த்து ஏத்தலாம், அதனால பதிப்பாளர் பேர் பிரதம்னு இருக்கான்னு பாத்துக்கோங்க, இல்லன்னா தமிழ் ஒரு மாதிரி இருக்கும்.

இன்னொண்ணு, அந்த நம்பர அப்படியே நம்பிடாதீங்க. இங்கிலீஷ்ல எழுதுன கதை தமிழுக்கு வர்றப்ப வார்த்தை எண்ணிக்கை கொறையும், ஆனா ஒவ்வொரு வார்த்தையும் நீண்டுடும், லெவல் நம்பர் மட்டும் பழசே இருக்கும். இங்கிலீஷ்ல மூணாம் லெவல் படிக்கற புள்ளைக்கு தமிழ்ல ரெண்டாம் லெவல் எடுங்க, தயக்கமா இருந்தா ஒண்ணே எடுங்க, யாரும் சிரிக்க மாட்டாங்க. இந்த விஷயத்துல கவர்மென்ட் ஸ்கூல் பசங்களுக்கு வாசிப்பு இயக்கத்துல குடுத்த புக்ஸ் எனக்கு ஒரு படி மேலன்னு தோணுது, நுழை, நட, ஓடு, பறன்னு தமிழ் படிக்கற புள்ளைய வச்சே நாலு படி, பேரே புள்ளைக்குப் புரியுது. அதுல கையில கிடைச்சது கொஞ்சந்தான், அதனால ஓவரா புகழல.

வசனத்த பேச்சுத்தமிழ்ல எழுதற புக்ஸ் ஈஸியா இருக்குமான்னு கேட்டா பாதிப் பாதிதான். நம்ம படிச்சுக் காட்டுனா விழுந்து விழுந்து சிரிக்குதுங்க, தானா படிக்கறப்ப ஸ்கூல்ல பாக்காத ஸ்பெல்லிங்னு சில புள்ளைங்க முழிக்குதுங்க.

பன்னெண்டு பதிமூணு வயசுக்கு மேல எனக்கு அனுபவம் கம்மி, அந்த வயசு பசங்க எங்க லைப்ரரிக்கு ஷட்டில் ராக்கெட் வைக்கத்தான் வர்றாங்க. லெவல் நம்பர் காட்டுனா அதுங்க நம்மளத்தான் மொறைக்கும், அங்க அவார்டு லிஸ்ட்தான் எடுபடும்னு ஒரு யூகம். அதுக்காக அந்த லிஸ்ட்ல இருந்து கொஞ்சம் வாங்கி மேல் தட்டுல வச்சிருக்கேன், இன்னும் யாரும் எடுக்கல.