விபத்து சார்ட்டுகளை வெளியே கோடிங்குக்குக் கொடுப்பவர்கள் கவனிக்க: அவர்கள் காட்டும் 95 சதவீதத் துல்லியம் எப்படி வருகிறது?

அமெரிக்க மருத்துவமனை பில்லிங்குக்காக, சாலை விபத்துக் காய சார்ட்டுகளை (நோயாளியின் சிகிச்சைப் பதிவுகளை) ஒரு கோடிங் நிறுவனத்திடம், அதாவது டாக்டரின் நோட்டைப் படித்து ஒவ்வொரு காயத்துக்கும் ஐசிடி-10-சிஎம் குறியீட்டை (கோடை) எழுதித் தருபவர்களிடம், சார்ட்டுக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுத்து ஏமாந்திருக்கிறோம். ஒப்பந்தத்தில் 95 சதவீதத் துல்லியம் என்று எழுதியிருந்தது. மாதாமாதம் வந்த ஆடிட் ரிப்போர்ட்டும் அதற்குக் கீழே இறங்கவில்லை. இன்ஷூரன்ஸுக்கு அனுப்பிய கிளெயிம்கள் வரிசையாகத் திரும்பத் தொடங்கிய பிறகு, நோட்டையும் கோடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், டாக்டரின் நோட்டை யாரும் முழுதாகப் படித்த அடையாளமே இல்லை. முகப்புத் தாள், டிரையாஜ் (எமர்ஜென்சிக்கு வந்ததும் நடக்கும் முதல் சோதனை) குறிப்பு, மேலே ஒரு டெம்ப்ளேட். அவ்வளவுதான் வேலை.

அந்த 95 எப்படி வந்தது என்பதை முதலில் சொல்கிறோம், ஏமாற்றின் மையமே அதுதான். ஒரு சார்ட்டுக்கு 20 கட்டம் வைத்திருந்தார்கள்: பெயர், பிறந்த தேதி, சிகிச்சை தேதி, டாக்டர் பெயர், இன்ஷூரன்ஸ் எண் என்று முக்கால்வாசி பார்த்து எழுதுகிற விஷயங்கள். முதன்மைக் காயத்தின் கோடு தவறு, மற்ற எல்லாம் சரி என்றால் 20க்கு 19, அதாவது 95 சதவீதம். எல்லா சார்ட்டிலும் முதன்மைக் கோடு தவறாக இருந்தாலும் ஒப்பந்தப்படி அவர்கள் பாஸ். போதாததற்கு, ஆடிட்டுக்கு எந்த சார்ட் போக வேண்டும் என்று தேர்ந்தெடுத்ததும் அவர்களே.

காயக் கோடின் கடைசியில், சிகிச்சை எந்தக் கட்டம் என்று சொல்லும் ஏழாவது எழுத்தில்தான் சேதம் அதிகம். ‘ஏ’ என்பது முதல் விசிட் அல்ல, காயத்துக்கு நேரடி சிகிச்சை நடக்கும் காலம். எமர்ஜென்சியில் கட்டுப் போட்டு அனுப்பியவரை மறுநாள் எலும்பு சிகிச்சை டாக்டர் ஆபரேஷன் செய்தால் அதுவும் ‘ஏ’தான். அவர்கள் இரண்டாவது விசிட் என்று, காயம் ஆறும் காலத்துக்கான ‘டி’ போட்டார்கள். பிசியோதெரபிக்கு ‘டி’ வர வேண்டிய இடத்தில் பழைய சார்ட்டை காப்பி அடித்து ‘ஏ’. முறிந்த எலும்பு ஒன்றுசேரத் தாமதமானால் ‘ஜி’, சேராமலே போனால் ‘கே’, கோணலாகச் சேர்ந்தால் ‘பி’ என்று தனித்தனியாக இருக்க, அந்த எழுத்துகள் அவர்கள் அனுப்பிய ஃபைலில் எங்குமே இல்லை.

ஒரு சார்ட்டைப் பாருங்கள். பைக்கில் வந்தவர், வலது டிபியா (முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு) நடுப்பகுதி முறிவு. டிரையாஜில் ‘கால் எலும்பு முறிவு’ என்று மட்டும் இருக்கிறது. ஆபரேஷன் நோட்டில் ‘ஓப்பன் ஃபிராக்சர், கஸ்டிலோ 3ஏ’ (தோல் கிழிந்து திறந்த முறிவு, அதில் தீவிர வகை) என்று தெளிவாக எழுதி, புண்ணைக் கழுவி வெளியிலிருந்து கம்பி பொருத்தியதும் பதிவாகியிருக்கிறது. முறிவுக் கோடில் ஏழாவது எழுத்து திறந்ததா மூடியதா என்பதையும் சொல்லும்; டிபியா நடுப்பகுதி முறிவுக்கான எஸ்82.2 வரிசையில் இங்கே ‘சி’ வர வேண்டும். வந்தது ‘ஏ’, அதாவது மூடிய முறிவு. கூடவே அதே காலில் சிராய்ப்புக்கு ஒரு கோடு. ஒரே இடத்தில் பெரிய காயம் இருந்தால் அங்குள்ள சிராய்ப்பைத் தனியாகக் கோடு செய்யக் கூடாது என்பது ஆரம்பப் பாடம். கேட்டதற்கு, ‘திறந்ததா மூடியதா என்று குறிப்பிடாவிட்டால் மூடியது என்று எடுக்கலாம்’ என்று விதியைக் காட்டினார்கள். டாக்டர் எங்குமே குறிப்பிடாதபோதுதான் அந்த விதி. படிக்காமல் விட்டதற்கு அது சால்ஜாப்பு ஆகாது.

அவர்கள் ஃபைலில் வி89.2 என்ற கோடு எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். விவரமே இல்லாத மோட்டார் வாகன விபத்துக்கான கோடு அது. காயப்பட்டவர் யார், எதில் இருந்தார், எது மோதியது என்பது ஆம்புலன்ஸ் ஷீட்டிலேயே இருக்கும். காரோடு கார் மோதி ஓட்டுநருக்கு அடி என்றால் வி43.52, பயணி என்றால் வி43.62, நடந்து போனவரைக் கார் இடித்தால் வி03.10. இந்தக் கோடுகளுக்குப் பணம் வராது என்று அலட்சியம் காட்டுகிறார்கள். ஆனால் செலவை எந்த இன்ஷூரன்ஸ் ஏற்க வேண்டும் என்ற கேள்வி இதிலிருந்துதான் கிளம்புகிறது. வேலை நேரத்தில் அடிபட்ட டெலிவரி ஓட்டுநருக்கு, சம்பள வேலையில் இருந்தார் என்று சொல்லும் ஒய்99.0 விடுபட்டால் கிளெயிம் போகும் இடமே மாறிவிடும். இடத்தையும் செயலையும் சொல்லும் ஒய்92, ஒய்93 இரண்டும் ஒய்99ஐப் போலவே முதல் சிகிச்சைப் பதிவில் ஒரே தடவைதான். அவற்றை ஃபாலோ-அப் எல்லாவற்றிலும் ஒட்டியிருந்தார்கள்.

இன்னொரு வகைத் தவறு வெறும் கவனக்குறைவல்ல, ஆபத்து. டாக்டர் ‘கழுத்து வலி’ என்று மட்டும் எழுதினால் எம்54.2. கழுத்துத் தசை இழுபட்ட காயம் (ஸ்ட்ரெயின்) என்றால் எஸ்16.1. தசைநார் சுளுக்கு அல்லது விப்லாஷ் (கழுத்து வெடுக்கென்று முன்னும் பின்னும் ஆடிய காயம்) என்று அவரே எழுதினால்தான் எஸ்13.4. பின்னாலிருந்து இடித்த விபத்து என்று கண்டாலே எல்லோருக்கும் எஸ்13.4 போட்டிருந்தார்கள். ‘விலா முறிவு இருக்கிறதா என்று பார்க்கவும்’ என்ற வெளிநோயாளி நோட்டுக்கு முறிவுக் கோடு. கன்கஷன் (தலையில் அடிபட்டு மூளை அதிர்வது) வந்தவர் நினைவு இழக்கவில்லை என்று நோட்டில் இருக்க, எஸ்06.0எக்ஸ்0 போடாமல், நினைவிழந்த நேரம் தெரியவில்லை என்னும் எஸ்06.0எக்ஸ்9. ஆவணத்தில் இல்லாத காயத்துக்குப் பில் போனால் பதில் சொல்ல வேண்டியது கிளெயிம் அனுப்பியவர். பாதிக்கப்படுவது அடிபட்டவர். நோட்டும் கோடும் முரண்பட்டால், உண்மையான காயத்தையே எதிர்த்தரப்பு சந்தேகிக்கும்.

நோட்டில் உள்ள இடைவெளியை நிரப்ப டாக்டருக்கு எழுதி அனுப்பிய விளக்கக் கேள்விகளும் (குவெரிகளும்) மோசம். ‘கன்கஷன் என்று சேர்த்துவிடவும்’ என்பது குவெரியே அல்ல. நோட்டில் உள்ள அறிகுறிகளை எடுத்து எழுதி, சாத்தியமான நோய்க்கணிப்புகளோடு ‘வேறு’, ‘தீர்மானிக்க இயலாது’ என்பவற்றையும் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். பின்சேர்க்கை எழுதினால் எழுதிய நாளின் தேதியும் கையெழுத்தும் வேண்டும். பழைய தேதியில் ஒட்டச் சொல்லி வாசகம் அனுப்பினால் அன்றே வேலையை நிறுத்துங்கள்.

கொடுப்பதற்கு முன் 30 சார்ட் சோதனை வையுங்கள், நீங்களே பொறுக்கியதாக: எமர்ஜென்சி 10, எலும்பு ஃபாலோ-அப் 10, பிசியோதெரபி 10. ஒவ்வொரு கோடுக்கும் நோட்டின் பக்கமும் வரியும் கேளுங்கள், படிக்காதவர்களால் அதைத் தர முடியாது. பிசியோதெரபியில் ‘ஏ’ வந்தாலோ, ஆம்புலன்ஸ் ஷீட் இருந்தும் வி89.2 வந்தாலோ அங்கேயே தெரிந்துவிடும். ஒப்பந்தத்தில் துல்லியத்தைக் கோடுகளை மட்டும் வைத்துக் கணக்கிடச் சொல்லுங்கள், முதன்மைக் கோடு தவறினால் சார்ட் முழுவதும் தவறு என்று எழுதி வாங்குங்கள். அவர்கள் பிழையால் வரும் மறுவேலைக்குக் கட்டணம் கிடையாது என்பதும் அதில் இருக்கட்டும். எங்களிடம் அதற்கும் தனியாகக் கேட்டார்கள், ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லாததால் கொடுக்க வேண்டியிருந்தது.