பிறேக் பாட் மாற்றும் நேரம்: கிலோமீற்றர் கணக்கா, கீச்சொலியா, கழற்றிப் பார்ப்பதா?

பிறேக்கை மிதிக்கும்போது, சில்லோடு சுழலும் டிஸ்க் எனும் உலோகத் தட்டை இரு பக்கமும் அழுத்திப் பிடிப்பவை பிறேக் பாட்கள். அவை தேய்ந்துவிட்டனவா என்று அறிவதற்கு நம்மவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றையே நம்புகிறார்கள். ஓடிய கிலோமீற்றரை வைத்துக் கணக்கிடுவது ஒன்று. கீச்சொலி கேட்கும்வரை பொறுத்திருப்பது மற்றொன்று. சில்லைக் கழற்றி அளந்து பார்ப்பது மூன்றாவது. அண்மையில் என் காரின் முன் பாட்களை மூன்றாவது வழியில் பார்த்தே மாற்றினேன். திருகோணமலையில் கார் வைத்திருப்பவர் எவருக்கும் அதையே பரிந்துரைப்பேன்.

கிலோமீற்றர் கணக்கு ஒரு நினைவூட்டலுக்கு மேல் உதவாது. உப்புவெளிக்கும் நகருக்கும் இடையே மட்டும் ஓடும் காரும், அடிக்கடி கண்டி மலைப்பாதையில் ஏறி இறங்கும் காரும் ஒரே அளவில் பாட்டைத் தேய்ப்பதில்லை. அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் வேகத்தைக் குறைக்கும் வேலையில் ஒரு பகுதியை மோட்டாரே செய்துவிடுவதால், அந்தக் கணக்கு இன்னும் பிசகும்.

கீச்சொலிக்குக் காரணம் பாட்டில் பொருத்தப்பட்டிருக்கும் சிறிய உலோக நாக்கு. உராயும் பகுதி ஏறத்தாழ 2 அல்லது 3 மில்லிமீற்றராகக் குறையும்போது அது டிஸ்க்கில் பட்டுக் கத்தும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் எல்லாப் பாட்களிலும் அந்த நாக்கு இருப்பதில்லை. கடற்கரையோரம் இரவில் நிறுத்திய காரின் டிஸ்க்கில் மெல்லிய துரு படிவதால், காலையில் முதல் சில தடவை பிறேக் மிதிக்கும்போது உரசல் சத்தம் கேட்பதும் இங்கு வழமை. அதற்குப் பழகிய காது உண்மையான எச்சரிக்கையையும் தட்டிக் கழித்துவிடக்கூடும். டாஷ்போர்டில் பாட் தேய்மானத்தைக் காட்டும் மின்னுணரி கொண்ட கார்களை நான் வைத்திருந்ததில்லை. ஆகவே அவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது உப்புக்காற்று. பெரும்பாலான கார்களின் முன் கலிப்பரில் (பாட்களைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) பாட்டைத் தள்ளும் பிஸ்டன் உட்பக்கத்தில் மட்டுமே இருக்கும்; அது உட்பாட்டை டிஸ்க்கில் அழுத்த, கலிப்பர் இரண்டு பின்களின் (சிறு உலோகத் தண்டுகளின்) மேல் வழுக்கி வந்து வெளிப்பாட்டையும் அழுத்த வேண்டும். பின்னை மூடியிருக்கும் றப்பர் உறை கிழிந்து ஈரமும் உப்பும் புகுந்தால், கிறீஸ் காய்ந்து பின் இறுகிவிடும். அதற்குப் பிறகு உட்பாட்தான் பெரும்பாலும் வேலை செய்யும். என் காரின் இடது முன்சில்லில் வெளிப்பாட் பாதிக்கு மேல் மிச்சமிருக்க, உட்பாட் 3 மில்லிமீற்றருக்கு வந்திருந்தது. கீழ்ப்பின் செந்துரு பிடித்து, ஸ்பனரால் திருகித் திருகித்தான் வெளியே வந்தது. சில்லின் இடைவெளியால் டோர்ச் அடித்துப் பார்ப்பவருக்குத் தெரிவது வெளிப்பாட் மட்டுமே என்பதால், அந்தப் பார்வையையும் நான் நம்புவதில்லை. பிறேக்கை அதிகம் மிதிக்காத ஹைபிரிட் கார்களிலும் பின்கள் இறுகலாம். பாட் நெடுநாள் உழைக்கும் என்று அவற்றைப் பாராமல் விடக்கூடாது.

புதிய பாட்டில் உராயும் பகுதி பொதுவாக 10 முதல் 12 மில்லிமீற்றர் இருக்கும். பின்னாலுள்ள இரும்புத் தகட்டைச் சேர்க்காமல் அளக்க வேண்டும். பல ஜப்பானியக் கார்களின் கையேடு 1 மில்லிமீற்றர் வரை அனுமதித்தாலும், நான் 3 மில்லிமீற்றரிலேயே மாற்றிவிடுவேன். பாட் முற்றாகத் தேய்ந்து தகடு டிஸ்க்கைக் கீறினால், பாட்டோடு டிஸ்க்கையும் மாற்ற நேரிடலாம். மிச்சம் பிடித்த காசைவிடப் பல மடங்கு அதற்கே போய்விடும்.

ஏறத்தாழ 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றும்போது சில்லு எப்படியும் கழறும் என்பதால், இதற்கெனத் தனிக்கூலி பெரும்பாலும் தேவைப்படாது. அப்போதே உட்பாட்டையும் பார்த்து, கலிப்பர் பின் கையால் அசைகிறதா என்று சோதிக்கும்படி கராஜ் பாஸிடம் (மெக்கானிக்கிடம்) கேளுங்கள். பின்னுக்குச் சிலிக்கோன் கிறீஸே பூச வேண்டும். சாதாரண கிறீஸ் றப்பர் உறையை ஊதவைக்கும். பாட் தேயத் தேயப் பிறேக் எண்ணெயின் மட்டமும் இறங்குவதால், தேய்மானத்தைப் பார்க்காமல் எண்ணெயை மட்டும் நிரப்பிவிட்டு நிம்மதி அடைய வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் இரு முன்சில்லுகளின் பாட்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மாற்றியபின் காரை நகர்த்துமுன், மிதி இறுகும்வரை பலமுறை மிதித்துப் பார்க்கவும்.