‘இருபது யூனிட் போடுங்கள்’ என்று மட்டும் சொல்பவரிடம் செமாக்ளூடைட் வாங்காதீர்கள்

சர்க்கரை நோய் எனக்குப் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறது. எடையும் கொஞ்சம் இறங்கட்டுமே என்று செமாக்ளூடைட் ஊசியைப் பற்றி விசாரித்தபோது இணையத்தில் ஒரு விற்பனையாளர் அகப்பட்டார். புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. பேனாவில் (பேனா வடிவில் வரும் ஊசிக் கருவி) வரும் அதே மருந்தைத்தான் குப்பியில் தருகிறோம், பேனாவுக்காக எதற்கு வீணாகச் செலவழிக்கிறீர்கள் என்றார்கள். காணொளி அழைப்பில் ஒருவர் மூன்று நிமிடம் பேசினார். உயரம் கேட்டார், எடை கேட்டார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. அப்போதே இணைப்பைத் துண்டித்திருக்க வேண்டும்.

முதல் பொட்டலத்தில் கட்டைவிரல் உயரத்தில் ஒரு குப்பி, ஒரு மில்லிலிட்டர் பிடிக்கும் இன்சுலின் சிரிஞ்சுகள், ஓர் அட்டை. வாரம் ஒருமுறை, முதல் நான்கு வாரம் 10 யூனிட், அடுத்த நான்கு வாரம் 20 யூனிட். அட்டையில் இருந்தது இவ்வளவுதான். மில்லிகிராம் என்ற சொல்லைத் தேடினாலும் கிடைக்காது.

இதில் என்ன கோளாறு என்று எனக்கு அன்று தோன்றவில்லை. முப்பது ஆண்டுகள் கணக்குப் பிரிவில் தசமப் புள்ளிகளோடு மல்லுக்கட்டியவளுக்கே தோன்றவில்லை. யூனிட் என்பது இன்சுலினுக்காக ஏற்பட்ட அளவு. யு-100 என்று குறித்த சிரிஞ்சில் 100 யூனிட் என்றால் ஒரு மில்லிலிட்டர். 10 யூனிட் என்றால் 0.1 மில்லிலிட்டர். செமாக்ளூடைட்டுக்கு அளவு மில்லிகிராம். குப்பியில் மருந்தை எவ்வளவு அடர்த்தியாகக் கரைத்திருக்கிறார்கள் என்று தெரியாதவரை, சிரிஞ்சின் கோடு எவ்வளவு திரவம் என்பதைத்தான் காட்டும். அதற்குள் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதைக் காட்டாது.

முதல் குப்பி ஒரு மில்லிலிட்டருக்கு 2.5 மில்லிகிராம். அதில் 10 யூனிட் எடுத்தால் 0.25 மில்லிகிராம், வழக்கமாக ஆரம்பிக்கும் அளவு. நான்கு வாரமும் லேசான குமட்டலோடு போயிற்று. ஐந்தாம் வாரத்துக்கு இரண்டாவது குப்பி வந்தது. அதே உயரம், அதே வெள்ளி நிற மூடி, லேபிளில் அதே பச்சைப் பட்டை. கூடவே அதே அட்டை.

அன்று நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. ரப்பர் மூடியைத் துடைத்தேன். குப்பியைத் தலைகீழாகப் பிடித்து மெதுவாக உறிஞ்சினேன். குமிழி ஒன்று நின்றது; சிரிஞ்சைச் சுண்டி அதை மேலே ஏற்றி வெளியேற்றினேன். ஒரு மில்லிலிட்டர் சிரிஞ்சில் பெரும்பாலும் ஒரு சிறு கோட்டுக்கு இரண்டு யூனிட், 0.3, 0.5 மில்லிலிட்டர் சிரிஞ்சுகளில் ஒரு கோட்டுக்கு ஒன்று என்பதுவரை படித்து வைத்திருந்தேன். ஆகவே கண்மட்டத்தில் பிடித்துப் பத்துக் கோடுகளை எண்ணி, கறுப்பு ரப்பரின் மேல் விளிம்பை 20-இல் நிறுத்தினேன். மயிரிழை பிசகவில்லை.

மறுநாள் பிற்பகலில் வாந்தி தொடங்கியது. இரவுக்குள் எத்தனை முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். வாயில் விட்ட தண்ணீர் ஐந்து நிமிடம் தங்கவில்லை. இரண்டாம் நாள் கை நடுங்கியது. சர்க்கரை பார்த்தால் 58. சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை நான் வழக்கம்போல் போட்டுக்கொண்டிருந்தேன். கேட்காமல் விட்ட கேள்வியின் விலை அது. இந்த ஊசியோடு அந்த வகை மாத்திரையோ இன்சுலினோ சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகும் வாய்ப்பு கூடுகிறது. நானோ இரண்டு நாளாகச் சாப்பிடவும் இல்லை.

விற்பனையாளரின் உதவி எண்ணை அழைத்தேன். “அம்மா, மருந்து வேலை செய்கிறது என்பதற்கு இதுதான் அறிகுறி” என்றது ஒரு குரல். அளவில் ஏதாவது தவறா என்று கேட்டேன். “20 யூனிட்தானே போட்டீர்கள்? அப்படியென்றால் அளவு சரி.” அதற்கு மேல் அந்தக் குரலிடம் எதுவும் இல்லை.

என் தம்பி மகள் செவிலியர். அவளை அழைத்தபோது, வாந்தியைப் பற்றி நான் சொல்லி முடிப்பதற்குள் குறுக்கிட்டாள். “அத்தை, குப்பியை வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது?” கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தேன். 5. பழைய குப்பியைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். 2.5. மறுமுனையில் அவள் கணக்குப் போட்டுவிட்டாள்: 20 யூனிட் என்றால் 0.2 மில்லிலிட்டர், ஐந்தால் பெருக்கினால் ஒரு மில்லிகிராம். நான் போட்டிருக்க வேண்டியது 0.5. போன வாரம் போட்டதைவிட ஒரே தாவலில் நான்கு மடங்கு. “உடனே மருத்துவமனைக்குப் போங்கள். யாரையாவது வண்டி ஓட்டச் சொல்லுங்கள்” என்றாள்.

அங்கே சலைன் ஏற்றினார்கள், சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனை செய்தார்கள், கிளிமிபிரைடை நிறுத்தினார்கள். வயிற்று வலி முதுகுக்குப் பரவுகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கணையம் அழன்றால் அப்படி வலிக்குமாம். இதற்கு முறிவு மருந்து ஏதும் கிடையாது என்றார் மருத்துவர். உடம்பில் சேர்ந்தது பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதுவரை தாங்குவதும் கண்காணிப்பதும்தான் சிகிச்சை.

என்னைப் போல் ஏமாந்தவர்கள் குறைவல்ல. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 ஜூலையில் இதே தவறைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. குப்பியிலிருந்து தாமே உறிஞ்சிப் போட்டுக்கொண்டவர்களில் சிலர் 5 முதல் 20 மடங்குவரை அதிகமாகப் போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு சம்பவம் எனக்கு மறக்கவே இல்லை: 0.25 மில்லிகிராம் கொடுக்க நினைத்தவர் 5 யூனிட் என்று எழுதுவதற்குப் பதில் 25 யூனிட் என்று எழுதிவிட்டார். அந்த நோயாளிக்குப் போனது 1.25 மில்லிகிராம். எழுதியவர் மருத்துவத் துறையைச் சேர்ந்தவர். படித்தவர்களுக்கே இந்த யூனிட் காலை வாரிவிடுகிறது.

சிரிஞ்சிலும் ஒரு பொறி இருக்கிறது. யு-40 என்று இன்னொரு வகை உண்டு. அதில் 40 யூனிட்தான் ஒரு மில்லிலிட்டர். யு-100 சிரிஞ்சுக்குச் சொன்ன 10 யூனிட்டை அதில் எடுத்தால் 0.1-க்குப் பதில் 0.25 மில்லிலிட்டர் உள்ளே போகும், அதாவது இரண்டரை மடங்கு. வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு சிரிஞ்சை எடுப்பவர்கள் தயவுசெய்து அதன் உடலில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்டேன். உங்களுக்கென்றே தயாரித்தது, திருப்பித் தர இயலாது என்று பதில் வந்தது. செறிவை ஏன் மாற்றினீர்கள், மாற்றியதை ஏன் சொல்லவில்லை என்ற கேள்விகளுக்கு, லேபிளில் இருக்கிறதே என்றார்கள். இருந்தது உண்மை, எறும்பு அளவில். அட்டையைத் திருத்தாமல் அனுப்பியவர்கள் லேபிளைக் காட்டித் தப்பிக்கிறார்கள்.

பிறகு நல்லெண்ணம் என்று சொல்லி இலவசமாக இன்னொரு குப்பி அனுப்பினார்கள். இந்த முறை திரவம்கூட இல்லை. அடியில் ஒட்டிய வெள்ளைத் தூள், தனியாக ஒரு சிறு குப்பித் தண்ணீர். தண்ணீரை ஊற்றிக் கரைக்கவும் என்று குறிப்பு. எவ்வளவு ஊற்றுவது? சொல்லவில்லை. 5 மில்லிகிராம் தூளில் 2 மில்லிலிட்டர் ஊற்றினால் 2.5 செறிவு, ஒரு மில்லிலிட்டர் ஊற்றினால் 5. எனக்கு நேர்ந்த அதே விபத்தை இந்த முறை என் கையாலேயே தயாரித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பெட்டியின் அடிப்பக்கத்தைத் திருப்பினேன். ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல என்று அச்சிட்டிருந்தது.

குப்பியில் வாங்கித்தான் தீர வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள், விற்பவரிடம் மூன்று எண்களை எழுத்தில் வாங்குங்கள்: இந்த வாரம் எத்தனை மில்லிகிராம், குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம், ஆகவே எத்தனை மில்லிலிட்டர். யூனிட் அதற்குப் பிறகு வரட்டும். ஒவ்வொரு புதிய குப்பிக்கும் மறுபடி கேளுங்கள். மருந்தாளுநர் ஒருவரிடம் சிரிஞ்சையும் குப்பியையும் காட்டி, எந்தக் கோடு என்று பேனாவால் குறித்துத் தரச் சொல்லுங்கள். இந்த எண்களைச் சொல்லத் தடுமாறுபவரிடம் வாங்க வேண்டாம். போட்ட பிறகு வாந்தி நிற்காவிட்டால் விற்றவரை அழைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். நான் இரண்டு நாளை அப்படித்தான் தொலைத்தேன்.

இப்போது வேறொரு மருத்துவரிடம் காட்டுகிறேன். மாத்திரைப் பட்டியல் முழுவதையும் முதலில் வாங்கிப் படித்தார். பேனா ஊசிக்கு மாற்றினார், அதன் சிறு ஜன்னலில் 0.25 என்று மில்லிகிராமே தெரிகிறது. இரண்டு குப்பிகளையும் அட்டையையும் புகாருக்காக ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். நேற்று அந்த விற்பனையாளரின் இணையதளத்தைத் திறந்து பார்த்தேன். அட்டையின் படம் மாறவில்லை. அடுத்த நான்கு வாரம் 20 யூனிட் என்றே இருக்கிறது.