புதிய வரி எது? விரிதாள் தானியக்கத்துக்கு நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

விரிதாளில் (ஸ்ப்ரெட்ஷீட்) ஒரு பெயர் புதிய வரியாகச் சேர்ந்ததும் அவருக்கு வரவேற்பு மின்னஞ்சல் போக வேண்டும். குழுவின் அரட்டைச் செயலியில் ஓர் அறிவிப்பு வர வேண்டும். அங்கே யாராவது பதில் சொன்னால் அது விரிதாளுக்குத் திரும்பி வந்து பதிவாக வேண்டும். பத்துப் பேர் இருக்கும் வரை இதைக் கையாலேயே செய்துவிடலாம். முந்நூறு பேர் ஆகும்போது யாரோ ஒரு தன்னார்வலரின் மாலைப் பொழுது முழுவதும் நகலெடுத்து ஒட்டுவதிலேயே கரைந்துவிடுகிறது. செயலிகளை இணைத்து இந்த வேலையைத் தானாக நடத்தி, அந்த மாலையை அவருக்கு மீட்டுத் தரும் கருவிகள் என்று கூகுளின் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (Apps Script), ஜேப்பியர் (Zapier), மேக் (Make), என்8என் (n8n) ஆகிய நான்கைச் சொல்லலாம். நான்கையும் வெவ்வேறு குழுக்களுக்காக அமைத்துப் பார்த்திருக்கிறேன்.

எத்தனை செயலிகளோடு இணைகிறது என்ற எண்ணிக்கையை வைத்துத்தான் பெரும்பாலும் இவற்றை ஒப்பிடுகிறார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. நமக்குத் தேவையான இரண்டு மூன்று செயலிகள் எல்லாவற்றிலும் இருக்கும். நான் முதலில் கேட்பது வேறு: ‘இது புதிய வரி’ என்று இந்தக் கருவி எதை வைத்து முடிவு செய்கிறது?

தரவுத்தளத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத ஓர் அடையாள எண் உண்டு. விரிதாளில் அது கிடையாது. 57ஆம் வரி என்பது ஓர் இடம் மட்டுமே. பெயர் வரிசைப்படி அடுக்கிவிட்டால் அந்த இடத்தில் வேறொருவர் வந்து உட்கார்ந்துவிடுவார். ஒரு முறை எங்கள் குழுவில் நல்லெண்ணத்தோடு ஒருவர் தாளை அகரவரிசைப்படுத்தினார். மறுநாள் காலை, பல மாதங்களுக்கு முன்பே சேர்ந்தவர்களுக்கெல்லாம் மீண்டும் வரவேற்புக் கடிதம் போயிருந்தது. அவர் மீது எந்தத் தவறும் இல்லை. விரிதாள் என்பது அடுக்குவதற்காகவே இருக்கும் பொருள். அடுக்கினால் உடைந்துபோகும்படி ஏற்பாட்டை அமைத்தது நான்தான்.

அன்றிலிருந்து எந்தக் கருவியானாலும் தாளில் இரண்டு பத்திகளை (நெடுவரிசைகளை) சேர்த்துவிடுகிறேன். ஒன்று, வரி உருவாகும்போதே எழுதப்படும் மாறாத அடையாள எண். மற்றொன்று, கடிதம் போன தேதியும் நேரமும். இரண்டாவது பத்தி காலியாக இருந்தால் மட்டுமே அனுப்ப வேண்டும். அனுப்பியவுடன் அதை நிரப்பிவிட வேண்டும். இந்த ஒழுங்கை எந்தக் கருவி எளிதாக்குகிறது என்பதே என் அளவுகோல்.

ஜேப்பியரில் வேலை தொடங்குவது மிக எளிது. நிரல் எழுதத் தெரியாத ஒருவர் ஒரே அமர்வில் முடித்துவிடுவார். ஆனால் புதிய வரிகளைத் தாளின் கடைசியில் மட்டும் சேருங்கள், நடுவில் நுழைக்காதீர்கள், தலைப்பு வரியை மாற்றாதீர்கள் என்று அது எதிர்பார்க்கிறது. பலர் கைவைக்கும் தாளில் இந்தக் கட்டுப்பாடு நீடிக்காது. கணக்கிடும் முறை தெளிவானது: தூண்டலுக்கு, அதாவது புதிய வரி வந்தது போல வேலையைத் தொடங்கிவைக்கும் நிகழ்வுக்கு, கணக்கு இல்லை, வெற்றிகரமாக முடிந்த ஒவ்வொரு செயலும் ஒன்று. இலவசத் திட்டத்தில் மாதத்துக்கு 100. அதிலும் ஒரு தூண்டலுக்கு ஒரு செயல்தான். மின்னஞ்சல் ஒன்று, அறிவிப்பு ஒன்று என்று இரண்டு தனித்தனி இணைப்புகள் அமைத்தால் 50 புதிய உறுப்பினர்களோடு அந்த மாதம் முடிந்துவிடும்.

மேக் என்பது முன்பு இன்டக்ரோமேட் என்ற பெயரில் செக் நாட்டில் தொடங்கியது. 2022இல் பெயர் மாறியது. வேலையின் ஓட்டம் முழுவதையும் ஒரே வரைபடமாகக் காட்டுவது இதன் அழகு. எங்கே கிளை பிரிகிறது, பிழை வந்தால் எந்தப் பாதையில் போகிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். அனுப்பிய நேரத்தைத் தாளில் திரும்ப எழுதும் கட்டமும் அதே படத்தில் இருக்கும் என்பதால், அந்தப் படி விடுபட்டுப்போனால் உடனே தெரிந்துவிடும். ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இதில் இறங்கக் கூடாது. தாளில் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும், போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கே மாதக் கணக்கிலிருந்து ஒரு செயல்பாடு கழிந்துவிடும். 15 நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்தால் நாளொன்றுக்கு 96. மாத இலவச அளவான 1,000 பத்தே நாளில் காலியாகிவிடும், அதுவும் ஒரே ஒரு கடிதம்கூட அனுப்பாமல். மணிக்கு ஒரு முறை என்று மாற்றினால் மாதம் 720. மீதியில் சிறிய குழு பிழைத்துக்கொள்ளும். தாளில் மாற்றம் நேர்ந்தவுடன் தாளே தகவல் அனுப்பும்படி வெப்ஹூக் அமைப்பது இன்னும் நல்லது.

ஆப்ஸ் ஸ்கிரிப்டை நான் மனதார விரும்புகிறேன். 2009இலிருந்து இருக்கிறது, விரிதாளுக்கு உள்ளேயே வாழ்கிறது. கூகுள் படிவம் வழியாக வரி வந்தால், எந்த வரி வந்தது என்பதையும் சேர்த்தே நிரலுக்குச் சொல்லிவிடுகிறது. போய்ப் போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரே நேரத்தில் இருவர் படிவத்தை அனுப்பினாலும் ஒன்று முடியும்வரை மற்றொன்றைக் காத்திருக்க வைக்கும் பூட்டு வசதியும் உண்டு. எனக்கு வேண்டிய இரண்டு பத்திகளையும் முப்பது நாற்பது வரி ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் கட்டிவிடலாம். எல்லைகளும் உண்டு: ஓர் ஓட்டத்துக்கு 6 நிமிடம், சாதாரணக் கணக்கில் ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் மின்னஞ்சல். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். தாளில் கை வைத்துத் திருத்தினால் எழும் தூண்டல், வேறொரு நிரலோ ஏபிஐயோ (செயலிகள் ஒன்றோடொன்று பேசும் வழி) வரியைச் சேர்க்கும்போது எழாது. ‘ஏன் பாதிப் பேருக்கு மட்டும் கடிதம் போகிறது?’ என்ற குழப்பத்துக்குப் பல இடங்களில் இதுதான் காரணம்.

எதிர்த் திசையில், அதாவது வெளியிலிருந்து தாளுக்குத் தகவல் வரும்போது, ஆப்ஸ் ஸ்கிரிப்ட் தடுமாறுகிறது. வெளிச் சேவைகள் பல, ‘இதை அனுப்பியது நான்தான்’ என்பதற்கான கையொப்பத்தைத் தாங்கள் அனுப்பும் செய்தியின் தலைப்புப் பகுதியில் (ஹெடர்) வைத்து அனுப்புகின்றன. அந்தப் பகுதியை ஆப்ஸ் ஸ்கிரிப்ட் நம் நிரலுக்குக் காட்டுவதே இல்லை. நம் நிரலின் இணைய முகவரியைத் தெரிந்துகொண்ட எவரும் பொய்யான வரியை அனுப்ப முடியும். முகவரியோடு ஒரு ரகசியச் சொல்லைச் சேர்த்துச் சமாளிக்கலாம், அவ்வளவுதான். தவிர, ஆப்ஸ் ஸ்கிரிப்ட் அளிக்கும் பதில் வேறொரு முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டுத்தான் போகிறது. சில சேவைகள் இதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு அதே செய்தியை மறுபடி மறுபடி அனுப்பும். அடையாள எண் பத்தி இங்கேதான் காப்பாற்றுகிறது: அந்த எண் ஏற்கெனவே தாளில் இருந்தால் எழுதாமல் விட்டுவிடலாம்.

பெர்லினில் 2019இல் பிறந்த என்8என்னில் இந்தத் தடை இல்லை. தலைப்புப் பகுதி முழுவதும் கைக்கு வரும், கையொப்பத்தைச் சரிபார்க்கலாம். தோற்றுப்போன ஓட்டத்தை அதே தரவோடு மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். உங்கள் சொந்த சர்வரில் வைத்துக்கொண்டால் எண்ணிக்கைக் கவலையும் கிடையாது. குழுவின் உள்வேலைக்கு உரிமம் தடையாக இல்லை. சொந்த சர்வர் என்றால் காப்புப் பிரதியும் புதுப்பித்தலும் உங்கள் பொறுப்பு. கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் குறியாக்கச் சாவி தொலைந்தால், சேமித்த இணைப்புகள் ஒன்றையும் திறக்க முடியாது. கூகுள் தாளோடு இணைக்கச் சொந்தமாக ஒரு கூகுள் கிளவுட் திட்டம் (கூகுள் சேவைகளை அணுக அனுமதி பெறும் அமைப்பு) தொடங்கவும் வேண்டியிருக்கும். அதை ‘சோதனை’ நிலையிலேயே விட்டுவிட்டால் அனுமதி ஏழு நாளில் காலாவதியாகும். முதல் வாரம் கச்சிதமாக ஓடிவிட்டு எட்டாம் நாள் நின்றுபோகும் அமைப்புகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

எக்செல்லில் வேலை செய்பவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் பவர் ஆட்டோமேட் இருக்கிறது. தரவை முறையான அட்டவணையாக மாற்றிய பிறகே அது படிக்கும். அமைப்பை மாற்றாவிட்டால் முதல் 256 வரிகளோடு நின்றுவிடும். இது தெரிந்திருந்தால் போதும்.

என் தேர்வைக் கேட்டால்: படிவத்திலிருந்து தாளுக்கு, தாளிலிருந்து மின்னஞ்சலுக்கு என்று ஒரே திசையில் போகும் வேலைக்கு ஆப்ஸ் ஸ்கிரிப்ட். நிரல் எழுத ஆள் இல்லை, கிளைகள் பல என்றால் மேக். வெளியிலிருந்தும் தகவல் வர வேண்டும், சர்வரைக் கவனிக்கத் தெரிந்தவர் ஒருவர் உண்டு என்றால் தயங்காமல் என்8என். ஜேப்பியரை, இந்த வாரமே ஓடியாக வேண்டும் என்ற அவசரத்துக்கு மட்டும் பரிந்துரைப்பேன்.

எதைத் தேர்ந்தாலும் அதைக் குழுவின் பொதுக் கணக்கில் அமையுங்கள். ஆப்ஸ் ஸ்கிரிப்டில் தூண்டல் அதை உருவாக்கியவரின் பெயரில்தான் ஓடும். பிழை அறிவிப்பும் அவருடைய அஞ்சல் பெட்டிக்குத்தான் போகும். அவர் குழுவை விட்டு விலகியிருந்தால், கடிதம் கிடைக்காத புதிய உறுப்பினர் ஒருவர் கேட்கும்வரை யாருக்கும் தெரியாது.