காந்தம் ஒட்டிய ஷாஃப்டும் ஓட்டமாவடி லேத் நானாவும்

போன வைகாசியில் எங்கள் போட்டின் ஷாஃப்ட், அதாவது இஞ்சினிலிருந்து புரொப்பெலரைச் சுற்றும் கம்பி, வளைந்துவிட்டது. கல்குடாவுக்கு வெளியே யாரோ அறுத்துவிட்ட வலைத்துண்டு புரொப்பெலரில் சுற்றி, மகன் இஞ்சினை நிறுத்துவதற்குள் காரியம் முடிந்திருந்தது. வேறொரு போட் எங்களை வாழைச்சேனைத் துறைமுகம் வரை இழுத்து வந்தது. அவர்களுக்குக் கொடுத்த டீசல் காசு தனிக் கணக்கு. கடலுக்குப் போவது மகன், கணக்கு எழுதுவது நான். அதனால் இதை எழுதுவதும் நான்தான்.

பழைய ஷாஃப்ட் 304 என்று சொல்லி வாங்கிய கறள் பிடிக்காத இரும்பு. ஒன்றரை அங்குலத் தடிப்பு, ஆறடி நீளம். ஓட்டமாவடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு லேத் பட்டறை இருக்கிறது. போர்டு கிடையாது. வாசலில் கிடக்கும் பழைய புரொப்பெலர்தான் அடையாளம். பட்டறைக்காரர் அந்தக் காலத்தில் வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வேலை பழகியவர். வளைந்த கம்பியை லேத்தில் மாட்டி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "தங்கச்சி, இதை நிமிர்த்தித் தரலாம். மறுகா அடுத்த வலைக்கும் இதே கதைதான்" என்றார். வேறென்ன போடலாம் நானா என்று கேட்டேன். "செவன்டீன் ஃபோர்" என்றார்.

வாங்கப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 17-4 என்றால் சுமார் 17 வீதம் குரோமியம், 4 வீதம் நிக்கல். அதோடு 3 முதல் 5 வீதம் செம்பும், கொஞ்சம் நியோபியமும் உண்டு. கம்பியோடு வரும் இரும்பாலைச் சான்றுத் தாளில் 630 என்றும் எழுதியிருப்பார்கள். இரகசியம் அந்தச் செம்பில்தான் இருக்கிறது. 1040 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கும்போது செம்பு இரும்புக்குள் கரைந்துவிடும். ஆறவிட்டால் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அப்புறம் 480க்கும் 620க்கும் இடைப்பட்ட சூட்டில் ஒரு மணியோ நாலு மணியோ வைத்தால், கண்ணுக்குத் தெரியாத பொடிமணிகளாகப் பிரிந்து நிற்கும். இரும்பின் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க விடாமல் தடுப்பது அந்த மணிகள்தான். நானா இதைத் தயிருக்கு உறை ஊற்றுவது என்றார். சூட்டையும் நேரத்தையும் பார்த்து எடுக்க வேண்டும், கூடினால் வேறு பதமாகிவிடும்.

அந்தப் பதங்களுக்குப் பெயர் உண்டு. எச் 900 என்பது 900 பாரன்ஹைட், அதாவது 482 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரம். கடினம் அதில்தான் அதிகம். எச் 1150 என்பது 621 பாகையில் நாலு மணி நேரம். கடினம் குறையும், அடி தாங்கும் குணம் கூடும். உப்புத் தண்ணீரில் வெடிப்பு விழும் பயமும் குறைவு. போட்டுக்கு இதுதான் என்றார் நானா. சாதாரண 304 நிரந்தரமாக வளையத் தொடங்கும் குறைந்தபட்ச அளவு 205 மெகாபாஸ்கல், எச் 1150க்கு 725. ஒரே தடிப்புள்ள கம்பி மூன்றரை மடங்கு தாங்கும் என்றால் வலை சுற்றுகிற கடலில் அது சின்ன விஷயமில்லை. நீராவி டர்பைன் இறக்கைகளுக்கும், விமான உதிரிகளுக்கும், பம்ப் ஷாஃப்டுகளுக்கும், வால்வுத் தண்டுகளுக்கும் இதையே போடுகிறார்கள்.

கொழும்பிலிருந்து கம்பி பஸ்ஸில் வந்தது. நான் வீட்டிலிருந்து காந்தம் கொண்டுபோயிருந்தேன். நல்ல கறள் பிடிக்காத இரும்பில் காந்தம் ஒட்டாது என்றுதானே எங்களுக்கெல்லாம் சொல்லித் தந்திருக்கிறார்கள்! வைத்தேன், டக்கென்று ஒட்டிக்கொண்டது. ஏமாற்றிவிட்டார்கள் என்று சத்தம் போட்டுவிட்டேன். பட்டறைப் பெடியன்கள் சிரித்தார்கள். 304க்குத்தான் அந்தச் சோதனை பொருந்துமாம். 17-4 உள்ளமைப்பிலேயே காந்தம் ஒட்டுகிற இனம். வெட்கமாகப் போய்விட்டது.

ஆனால் பிழை ஒன்று உண்மையிலேயே இருந்தது. அதை நானாதான் கண்டார். கூட வந்த ஆலைத் தாளைக் கண்ணாடி போட்டு வரி வரியாக வாசித்து, 'கொன்டிஷன் ஏ' என்ற இடத்தில் விரலை வைத்தார். செம்பைக் கரைத்த சூட்டோடு நிற்பது, பதம் வைக்காதது. கைக்குக் கடினமாகத்தான் இருக்கும், ஆனால் அப்படியே கடலில் போட்டால் நொறுங்கலாம், வெடிப்பு விழலாம். கடைந்துவிட்டுப் பதம் வைக்கலாம்தான், ஆனால் அதற்குச் சூட்டைப் பிடித்து வைக்கும் உலை வேண்டும். பதம் வைக்கும்போது கம்பி சுருங்கவும் செய்யும். எச் 900க்கே ஒரு மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் மட்டில், எச் 1150க்கு அதைப் போல இரண்டு மடங்கு. திருப்பி அனுப்பினோம். கொழும்புக் கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்று போனில் சொன்னார். ஒன்றில்லை. சரியான கம்பி வர இன்னும் பதினாறு நாள். அவ்வளவு நாளும் சோளகக் காற்றில் நல்ல மீன்பாடு, எங்கள் போட் மட்டும் கரையில்.

வேலையில் குறை சொல்ல முடியாது. புரொப்பெலரை ஷாஃப்டோடு பிணைக்கும் சாவிக் கட்டை வைக்கும் பள்ளத்தின் மூலைகளைக் கூராக விடாமல் உருட்டிவிட்டிருந்தார். உடைப்பு அங்கிருந்துதான் தொடங்குமாம். இஞ்சினோடு இணைக்கும் கப்ளிங்கை ஒட்டு வைக்கவா என்று மகன் கேட்டதற்கு, காஸ் நெருப்பைக் கிட்டவும் கொண்டு வராதே, நெருப்புப் பட்ட இடத்தில் பதம் போய்விடும் என்று அதட்டினார். விலை பழைய ஷாஃப்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல். கடைசல் கூலியும் கூட, வெட்டும் டிப் தேய்கிறது என்று முறைப்பாடு. சரி, நியாயம்தான்.

அந்தப் பருவம் முடியுமட்டும் துளி அதிர்வில்லை. ஆவணியில் இன்னொரு வலை சுற்றியது. வெட்டி எறிந்துவிட்டுத் தொடர்ந்து ஓடினார்கள்.

பிறகு வாடை வந்தது. கார்த்திகையிலிருந்து இரண்டு மாதம் போட் அசையாமல் கட்டிக் கிடந்தது. தையில் கழற்றிப் பார்த்தால் தண்ணீரில் திறந்து கிடந்த பகுதி கண்ணாடி மாதிரி. ஷாஃப்டைத் தாங்கும் றப்பர் புஷ்ஷுக்குள் இருந்த பகுதியில் மட்டும் குண்டூசி முனை அளவில் ஏழெட்டுக் கறுப்புக் குழிகள். நகத்தை ஓட்டினால் தட்டுப்பட்டது. இந்த இரும்பைக் காப்பது மேலே உள்ள குரோமியப் படலம். அது தன்னைப் புதுப்பிக்க ஒட்சிசன் வேண்டும். றப்பருக்கும் இரும்புக்கும் நடுவே தேங்கிய உப்புத் தண்ணீரில் ஒட்சிசன் முடிந்துவிட்டால் படலம் ஓட்டையாகும். ஓடுகிற போட்டில் தண்ணீர் மாறிக்கொண்டே இருப்பதால் இது வராது. கறளைத் தாங்குவதில் 17-4 ஏறக்குறைய 304 மாதிரிதான், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. கடலுக்கென்று விற்பதால் நான் எதிர்பார்த்துவிட்டேன். நானா இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். கேட்டதற்கு "நீங்கள் போட்டைக் கட்டிவைப்பீர்கள் என்று எனக்கென்ன தெரியும்" என்றார். வாழைச்சேனையில் வாடைக்கு யார்தான் கட்டிவைக்கவில்லை?

குழிகளைக் கூலி இல்லாமல் மினுக்கித் தந்தார். ஷாஃப்டுக்குப் பதிலாகத் தான் கரைந்துபோகும் ஒரு சிங்க் (நாகம்) கட்டியும் மாட்டினார். அதற்கு மட்டும் காசு வாங்கினார். வாரத்தில் இரண்டு தரம் இஞ்சினைப் போட்டுக் கொஞ்சம் சுற்றவிட வேண்டும் என்பது இப்போது மகனின் வேலை. செய்த நாளைக் கலண்டரில் நான் குறிக்கிறேன்.

ஷாஃப்டுக்கு ஐந்துக்கு நாலு. பட்டறைக்கும் நாலு, அந்த ஒரு புள்ளி வாடைக் கதைக்காகக் குறைத்தது. போகிறவர்கள் பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு போங்கள், வெள்ளிக்கிழமை பூட்டியிருக்கும். கம்பி வாங்கினால் ஆலைத் தாளையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.